பெரியவரே

"பெரியவரே, சேத்துக் காலோட உள்ள வராதீங்க!"

கவுண்டரில் உட்கார்ந்திருந்த பெண் அதட்டியதும், நடவு வயலிலிருந்து நேராக வந்திருந்த வீரையன் பைக் ஷோரூம் வாசலிலேயே நின்றார்.

"பிரேக் பிடிக்கலைன்னு வண்டிய விட்டு மாசம் ஒண்ணாச்சும்மா."

"பார்ட்ஸ் வரல. வந்தா போன் பண்ணுவோம்." அவள் கம்ப்யூட்டரை விட்டுத் தலை நிமிரவில்லை.

"போன வாரமும் இதத்தான் சொன்னீங்க."

"வந்தாத்தானே மாட்ட முடியும்? போய்ட்டு அடுத்த வாரம் வாங்க பெரியவரே."

பக்கத்தில் நின்ற மேனேஜர் சிரித்தார். அவளும் சிரித்தாள்.

மேனேஜர் உள்ளே போனதும் வீரையன் குரலைத் தாழ்த்தினார். "நீடாமங்கலத்துல பஸ்ஸ விட்டு எறங்கி, இன்னும் எத்தன நாளைக்கு இருட்டுல வீட்டுக்கு நடந்து வருவே, கயலு?"

"நான் நடந்தே வந்துக்கறேன். நீங்க இங்க மட்டும் வராதீங்க, அப்பா."