குழாயடிச் சாட்சி

தெருவே பார்த்துக்கொண்டிருக்க, பம்ப் ஆபரேட்டரின் மனைவி குழாயடியில் ஒரு டம்ளர் பிடித்து மடமடவென்று குடித்தாள்.

நேற்றிலிருந்து தண்ணீரில் பெயின்ட் வாடை. எந்தத் தொழிற்சாலையோ ஆற்றில் எதையோ திறந்துவிட்டதாகப் பேச்சு. பெண்கள் காலிக் குடங்களோடு ஒதுங்கி நின்றார்கள்.

“ஊருக்கே தண்ணி விடுறது எங்க வீட்டுக்காரர். ஏதாவது ஒண்ணுன்னா எங்கிட்ட சொல்லாம இருப்பாரா?”

அப்படியொரு பெருமை அவளுக்கு.

அது போதுமே! குடங்கள் வரிசைக்கு வந்துவிட்டன. எதிர்வீட்டுத் தையற்காரி மட்டும் தயங்கினாள். பிள்ளைத்தாய்ச்சி. இவளே ஒரு டம்ளர் பிடித்துக் கொடுத்து, அவள் குடித்து முடிக்கும்வரை பக்கத்திலேயே நின்றாள்.

வீட்டுக்குள் வந்தால், வேலை முடிந்து கணவன் உட்கார்ந்திருந்தான். தலைமுடி, காது மடல், சட்டை எல்லாம் ஒரே கரி. அடுப்படிப் பூனை தோற்றுவிடும். அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது.

விடிய விடியக் கரித்தூள் மூட்டைகளைப் பிரித்துத் தொட்டியில் கொட்டினார்களாம். தண்ணீரில் கலந்த விஷத்தை அது உறிஞ்சிவிடுமாம். சாயங்காலத்துக்குள் எல்லாம் சரியாகிவிடும் என்றான்.

விஷம் என்றதுமே அவள் சிரிப்பு நின்றுவிட்டது.

நேற்றுக் காலையிலிருந்தே அவனுக்குத் தெரியும். வெளியே மூச்சு விட்டால் வேலை போய்விடும் என்று மேலிடத்தில் மிரட்டி வைத்திருக்கிறார்கள். அவன் அக்காவுக்கு மட்டும் போன் போட்டுச் சொல்லியிருக்கிறான். சொல்லிக்கொண்டே பையிலிருந்து கடையில் வாங்கிய தண்ணீர் பாட்டிலை எடுத்து இரண்டு மடக்குக் குடித்தான்.

அடப்பாவி! ஊர்க்கோடியில் இருக்கும் அக்காவுக்குச் சொல்ல வாய் வந்தது, ஒரே பாயில் படுத்து எழுகிறவளுக்குச் சொல்ல வாய் வரவில்லையா?

தையற்காரியின் முகம் கண்முன் வந்து நிற்க, அவள் வாசலுக்குப் பாய்ந்தாள். அவன் கையைப் பிடித்தான். உதறினாள். படியில் கால் வைத்தவள் மனசு கேட்காமல் திரும்பினாள்.

“எனக்கு ஏன் சொல்லலை?”

அவன் பாட்டிலை மூடிக்கொண்டே, வெகு சாதாரணமாகச் சொன்னான்.

“உனக்குச் சொன்னா நீ குடிப்பியா? நீ குடிக்கலைன்னா இந்தத் தெருவுல யாராவது குடிப்பாங்களா?”