கேமராவை மறைத்த பல்லி

கல்லூரி மருத்துவ அறை வாசலில் இலவச ஆணுறைப் பெட்டி ஒன்று தொங்கியது. பால்வினை நோயைத் தடுக்கும் என்று பெரிதாக எழுதியிருந்தும் ஒருவரும் தொடவில்லை. எதிர்ச்சுவரில் கேமரா இருந்தது. வருகிறவர்கள் அதை நிமிர்ந்து பார்ப்பார்கள், ஷூ லேஸைக் கட்டுவார்கள், போய்விடுவார்கள்.

கேமராவை மறைக்கச் சொல்லி, சுவரில் இருந்த ஒரு பல்லியிடம் பெட்டி கெஞ்சியது. பல்லி போய்க் கேமராவின் கண்மேல் படுத்துக்கொண்டது. அன்றைக்கே நாலு பேர் எடுத்தார்கள்.

ஒருநாள் பல்லி ஈசல் பிடிக்கப் போயிருந்த நேரத்தில் ஒரு மாணவி வந்தாள்.

"ஓடி வா, சீக்கிரம் மறை!" என்று பெட்டி பதறியது.

பல்லி பாதிச் சுவர் ஏறுவதற்குள் அவள் கேமராவை நேராகப் பார்த்தாள். பார்த்தபடியே இரண்டு எடுத்துப் பையில் போட்டாள். தூண் மறைவில் நின்ற நண்பனிடம், "நீயும் எடுத்துக்கோடா," என்றாள். அவனும் வந்தான்.

"ஐயோ, கேமராவைப் பார்த்துட்டாளா?" என்று பல்லி மூச்சுவாங்கியது.

"பார்த்துட்டுத்தான் எடுத்தா," என்றது பெட்டி.

"அப்ப நான் ஈசலுக்கே போறேன்."