மலிவு விலைக் கண்ணாடி

"அப்பா, அந்தப் பிரஷர் மாத்திரையைத் தொட்டுறாதீங்க. அது விஷம்!"

ஐரின் போனில் போட்ட சத்தத்தில், பக்கத்து மேசையிலிருந்த சீனியர் தமிழ்வாணி திடுக்கிட்டுத் திரும்பிப் பார்த்தாள்.

ஐரினுக்கு எதிரே கம்ப்யூட்டர் திரையில் ஒரு கோடு தரையோடு தரையாகப் படுத்துக் கிடந்தது. இதயச் செல்களில் பொட்டாசியம் போய்வரக் குட்டிக் குட்டிக் கதவுகள் உண்டு. அவை ஒழுங்காகத் திறந்து மூடினால்தான் இதயமும் ஒழுங்காகத் துடிக்கும். நுனியை மயிரிழையாக இழுத்த கண்ணாடிக் குழாயை ஒரு செல்லின்மேல் ஒட்டவைத்து, கதவு வழியே ஓடும் மின்சாரத்தைத் திரையில் கோடாக அளப்பதுதான் அவளுடைய ஆராய்ச்சி.

மாத்திரையின் மருந்தைச் சேர்த்து அளந்தாள். அத்தனை கதவும் அடைபட்டுவிட்டது. மதுரையில் பாதிப் பேர் விழுங்குகிற மாத்திரை அது. கோச்சடையில் அவள் அப்பா ஞானசீலனும் காலை, இரவு இரண்டு வேளையும் விழுங்குகிறார்.

"விஷமா? என்னம்மா சொல்றே?"

"இதயத்தையே நிப்பாட்டிரும்ப்பா. நாளைக்கு வந்து விவரமாச் சொல்றேன். மாத்திரை மட்டும் வேணாம்!"

"எம்மக சொன்னா சரியாத்தான் இருக்கும்." ஞானசீலன் ரிட்டயர்டு ஹெட்மாஸ்டர். மகள் தும்மினாலும் அதில் ஒரு விஞ்ஞானம் இருக்கும் என்று பெருமைப்படுகிற ஜாதி.

மறுநாள் மதியம், எதற்கும் இருக்கட்டும் என்று மருந்தே சேர்க்காமல் ஒருமுறை அளந்து பார்த்தாள் ஐரின். கோடு மறுபடியும் படுத்துவிட்டது.

"அக்கா, மருந்தே போடல. அப்பவும் கதவு அடைக்குதுக்கா!"

தமிழ்வாணி எழுந்து வந்தாள். "குழாய் எந்தக் கட்டுல எடுத்தே?"

"புதுக் கட்டு. பழசு தீந்துபோச்சுன்னு சல்லிசா வாங்கினோமே."

"இதுக்கு முன்னாடி மருந்தில்லாம அளந்தது?"

"அது பழைய குழாய்ல..." சொல்லும்போதே ஐரினுக்கு உறைத்துவிட்டது.

"போச்சு போ! மட்டமான கண்ணாடியிலருந்து பேரியம் கரைஞ்சு வரும். அதுதான் கதவை அடைச்சிருக்கு. மாத்திரை மேல நீ கண்டுபிடிச்ச குத்தம் ஒண்ணுமில்ல. நல்லவேளை, வெளியில சொல்லாம இருந்தோம்."

ஐரின் அதற்குள் பையைக் கவிழ்த்துக் கொட்டியிருந்தாள். ஸ்கூட்டி சாவியைத் தேடிக்கொண்டிருந்தாள்.

போன வருஷம் ரெண்டு நாள் மாத்திரையை விட்டதற்கே அப்பாவுக்குப் பிரஷர் எகிறி, வாய் ஒரு பக்கம் கோணிவிட்டது. இனி ஒருவேளைகூட விடக்கூடாது என்று டாக்டர் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். அம்மா அற்புதமேரி வேறு கல்யாணத்துக்கு டி. கல்லுப்பட்டி போயிருக்கிறாள். வீட்டில் அப்பா மட்டும்தான்.

போன் போட்டாள். பிஸி. மறுபடி போட்டாள். அப்போதும் பிஸி.

யாரோடு பேசுகிறார்? நெஞ்சைப் பிடித்துக்கொண்டு ஆம்புலன்ஸைக் கூப்பிடுகிறாரா? இல்லை, பக்கத்து வீட்டுக்காரர் யாராவது அவர் போனை எடுத்து அம்மாவுக்குத் தகவல் சொல்கிறார்களா?

விராட்டிபத்தில் லாரிகளுக்கு நடுவே எப்படிப் புகுந்து வந்தாள் என்று அவளுக்கே தெரியாது. 'ஆண்டவரே, என் அவசரப் புத்திக்கு எங்கப்பாவை எடுத்துக்காதேயும்' என்று வழியெல்லாம் அழுதுகொண்டே வந்தாள்.

வீட்டு வாசற்கதவு விரியத் திறந்து கிடந்தது. "அப்பா!" பதில் இல்லை. உள்ளறையில் ஜன்னலோர நாற்காலியில், தலை நெஞ்சில் கவிழ்ந்தபடி ஞானசீலன் அசையாமல் இருந்தார். கிட்டே போய், தோளைத் தொட்டாள்.

அவர் தூக்கிவாரிப்போட்டு நிமிர்ந்தார். மடியில் போன். டைப் அடித்துக்கொண்டிருந்திருக்கிறார்.

மகளைப் பார்த்ததும் அவர் முகம் பேயறைந்தது போலானது. "கோவிச்சுக்காத பாப்பா. பழக்கதோஷத்துல நேத்து ராத்திரியும் மாத்திரையை முழுங்கிட்டேன், இன்னைக்குக் காலையிலயும் முழுங்கிட்டேன். ஒங்கிட்டச் சொல்லவே பயமா இருந்துச்சு. எனக்கு ஒண்ணும் ஆயிராதே?"

ஐரின் அவரைக் கட்டிக்கொண்டு ஓவென்று அழுதாள். அப்புறம் சிரித்தாள். போன உயிர் திரும்பி வந்திருந்தது.

"ஒண்ணும் ஆகாதுப்பா. மாத்திரையில கோளாறு இல்ல, தப்பு என் கண்ணாடிக் குழாய்லதான். இனி ஒருவேளைகூட விட்டுறாதீங்க. விட்டாத்தான் உசுருக்கு ஆபத்து."

ஞானசீலன் சிரிக்கவில்லை. மகளைப் பார்த்தார். கையிலிருந்த போனைப் பார்த்தார்.

"நீ சொன்னதை நம்ம சர்ச் வாட்ஸ்அப் குரூப்புல போட்டு, ஒவ்வொருத்தரா போன்லயும் கூப்பிட்டுச் சொல்லி, அம்புட்டுப் பேரையும் மாத்திரையை நிறுத்த வச்சுட்டேனேம்மா!"