கம்பெனித் தலைக்கட்டு

"கம்பெனிகிட்ட தலைக்கட்டு வரி வாங்கிட்டியாமே நைனா? வெக்கமா இல்ல உனுக்கு?"

முனிகிருஷ்ணன் போட்ட சத்தத்தில் குப்பமே கோயிலடியில் கூடிவிட்டது. ஊர்த்தலைவர் ரங்கசாமி வெற்றிலையை மடித்து வாயில் போட்டுக்கொண்டார்.

பழவேற்காட்டு ஏரிக்கரையில் இருந்த அந்தக் குப்பத்தில், வரி கட்டிய குடும்பத்துக்குத்தான் ஊர்க்கூட்டத்தில் வாய் உண்டு. அந்தக் குடும்பத்தைத்தான் தலைக்கட்டு என்பார்கள். ஒரே ஒரு தலைக்கட்டு 'வேணாம்' என்றாலும் பேச்சு நின்றுபோகும்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை கூட்டம். அறுபத்தைந்தாம் வருஷப் பஞ்சாயத்துத் தேர்தலுக்கு ஊர் சார்பில் ஆள் நிறுத்த வேண்டும். கரையை வளைத்துப்போடத் துடித்த ஐஸ் கம்பெனி, அதைக் கெடுக்கத்தான் வரி கட்டியிருந்தது.

"சட்டப்படி கம்பெனியும் ஒரு ஆள்தான் தம்பி," என்று சிரித்தார், பணம் கட்டிவிட்டு அங்கேயே நின்றிருந்த கம்பெனி மானேஜர் துளசிராமன். "பேர் இருக்கு, நிலம் இருக்கு. கட்சிக்கு நன்கொடைகூட கொடுக்குது."

"ஆளுன்னே எழுதிக்கினேன் சார்," என்றார் ரங்கசாமி. "ஊர்க்கட்டுக்கு அடங்குவோம்னு கையெழுத்து போடுங்க."

மானேஜர் சந்தோஷமாகப் போட்டார். முனிகிருஷ்ணன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வீட்டுக்கு நடந்தான்.

சனிக்கிழமை விடியும்போதே தமுக்கு. ஏரி கடலில் சேரும் முகத்துவாரத்தில் மணல் ஏறிவிட்டதாம், வெட்ட வரவேண்டுமாம். ஊர்க்கட்டுப்படி தலைக்கட்டே நேரில் இறங்கி வெட்டவேண்டும். வராதவன் பெயரை அடித்து, வரியைத் திருப்பிக் கொடுத்துவிடுவார்கள்.

"புரட்டாசியில வெட்டறதை ஆடியிலயே எதுக்கு? வெல போன மனுசன் கூப்ட்டா நான் போவணுமா?"

முனிகிருஷ்ணனின் மனைவி எல்லம்மா மண்வெட்டியை அவன் கையில் திணித்தாள். "தலைவர் மேல கோவம்னா ஏரி இன்னா பண்ணுச்சு? போய்யா!"

முணுமுணுத்துக்கொண்டே போனான்.

எல்லாரும் இடுப்பளவு தண்ணீரில் நின்று வெட்டிக்கொண்டிருக்கும்போது மானேஜர் ஜீப்பில் வந்தார். கூடவே பத்துக் கூலியாட்கள்.

"கூலியாளு ஆவாது சார்," என்றார் ரங்கசாமி. "தலைக்கட்டுதான் எறங்கணும்."

"சரி, நானே இறங்கறேன்." மானேஜர் கால்சட்டையைச் சுருட்டினார்.

"நீங்க சம்பளத்துக்கு வேலை பாக்குறவரு சார். வரி கட்னது கம்பெனி. அதை வரச் சொல்லுங்க."

"கம்பெனி எப்படிய்யா வரும்?"

"ஆளுதானே சார்? உச்சிவெயிலுக்குள்ள வந்தா போதும்."

தண்ணீரில் நின்ற அத்தனை பேரும் சிரித்தார்கள். முனிகிருஷ்ணன்தான் உரக்கச் சிரித்தான். நாலு நாளாக நெஞ்சில் ஏறியிருந்த பாரம் இறங்கி, அப்பாடா என்றிருந்தது அவனுக்கு.

உச்சிவெயில் வந்தது, கம்பெனி வரவில்லை. ஏட்டில் பெயரை அடித்து, முடிச்சு அவிழ்க்காத வரிப்பணத்தைக் கையில் கொடுத்து ஜீப்பை அனுப்பி வைத்தார்கள்.

முனிகிருஷ்ணன் தலைவர் பக்கத்தில் வந்து தலையைச் சொறிந்தான். "கண்டபடி பேசிட்டேன் நைனா. வரியே வேணாம்னு அன்னிக்கே தொரத்தியிருக்கலாமே?"

"பக்கத்துக் குப்பத்துல இதே கம்பெனிக்காரனைத் தொரத்துனாங்க. 'நானும் ஆளு'ன்னு கோர்ட்டுக்கு இழுத்துட்டான். மூணு வருசமா அலையறாங்க. நாம ஆளுன்னு ஒத்துக்கினோம், கையெழுத்தும் வாங்கிட்டோம். இனிமே இன்னான்னு கேஸ் போடுவான்?"

கிழவர் அவன் தோளைப் பிடித்து அமுக்கிவிட்டார்.

"நாளைக் கூட்டத்துக்கு முன்ன அவன் பேரை அடிக்கணும்ல? அதுக்கோசரம்தான்டா ரெண்டு மாசம் முன்னாடியே உங்களை மண்ணு வெட்ட வுட்டேன். ரொம்ப வலிக்குதா?"