முதலில் திறக்கும் இடம்

"ஏய் பிரிசில்லா, இது எப்படிடி உங்க வீட்டைக் காட்டுது?"

பிரதீபா லேப்டாப்பைத் தோழி பக்கம் திருப்பினாள். இருவரும் பொத்தேரி கல்லூரியில் ஒரே வகுப்பு. ப்ராஜெக்ட் வேலைக்காக, லீவு நாளில் செய்யூரில் இருக்கும் பிரிசில்லா வீட்டுக்கு வந்திருந்தாள்.

எடுத்திருந்தது ஒரு மேப் மென்பொருள். யார் வேண்டுமானாலும் இலவசமாக எடுத்துத் திருத்திக்கொள்ளலாம் என்று யாரோ எழுதி இணையத்தில் விட்டது. காலையிலிருந்து எரர் மேல் எரர். மல்லுக்கட்டிய பிறகு, இப்போதுதான் டாக்கர் என்ற கன்டெய்னருக்குள் ஓடத் தொடங்கியிருந்தது.

திரையில் சவுக்குத் தோப்பு. ஏரிக்கரை. ரோடு வளையும் இடத்தில் ஒரு சிவப்புப் புள்ளி. சந்தேகமே இல்லை, இந்த வீடுதான்.

"லொகேஷன் ஆன்ல இருக்கும்," என்றாள் பிரிசில்லா.

"ஆஃப் பண்ணிட்டேன். நெட்டையும் கட் பண்ணிட்டேன். மறுபடி ஓட்டினாலும் இங்கதான் வந்து நிக்குது. கன்டெய்னர்னா பூட்டின பெட்டி மாதிரி. என் லேப்டாப்ல என்ன இருக்குன்னே அதுக்குத் தெரியாது. உங்க அட்ரஸ் எப்படித் தெரியும்?"

பிரிசில்லா திரையையே பார்த்தாள். பயந்துவிட்டாள் என்று பிரதீபா நினைத்தாள்.

வாசலில் ஆட்டோவைத் துடைத்துக்கொண்டிருந்த பிரிசில்லாவின் அப்பா மோசஸ் எட்டிப் பார்த்தார். "இன்னாம்மா, எவனாச்சும் நம்மள வேவு பாக்கறானா?"

"அதான் புரியல அங்கிள்."

கூடுவாஞ்சேரியில் இருந்த ரோஹித்துக்குப் பிரதீபா போன் போட்டாள். அவனும் இதே ப்ராஜெக்டில்தான் இருந்தான்.

"ரோஹித், உனக்கு முதல்ல எந்த இடம் திறக்குது?"

"ஏதோ கிராமம். தோப்பு, ஏரி, ஒரு சிவப்புப் புள்ளி. ஏன்?"

"கூடுவாஞ்சேரி காட்டலையா?"

"அது எப்படிக் காட்டும்? எழுதின ஆளு வச்ச இடம் அது. ஜெர்மனில உக்காந்து ஓட்டினாலும் முதல்ல அதான் வரும்."

பிரதீபா போனை வைத்தாள். உலகத்தில் யார் திறந்தாலும் முதலில் இந்த வீடா? ஷீட் போட்ட இந்த இரண்டு அறையில் அப்படி என்ன இருக்கிறது?

புள்ளியைத் தட்டினாள். ஒரே ஒரு சொல் விரிந்தது: 'வூடு'.

"வீடுன்னுகூட ஒழுங்கா எழுதத் தெரியல இவனுக்கு!"

யாரும் சிரிக்கவில்லை. அடுப்படியிலிருந்து வந்த பிரிசில்லாவின் அம்மா சாராள், ஈரக் கையோடு திரை முன்னால் உட்கார்ந்தார்.

"இத எழுதனவரு பேரு இன்னாம்மா?"

"பேர் போடல ஆன்ட்டி. ஏதோ புனைபெயர்தான் இருக்கு. போட்டோவும் இல்ல."

"எந்த ஊர்ல கீறாரு?"

"அதுவும் தெரியல. ஆனா போன வாரம்கூட இதுல எதையோ திருத்தியிருக்காரு."

"போன வாரமா?" சாராள் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார். பிரிசில்லா அம்மாவின் தோளைப் பிடித்துக்கொண்டாள்.

"அத மூடும்மா!" வாசலிலிருந்து மோசஸ் அதட்டினார்.

என்ன தப்பு செய்தோம் என்றே விளங்காமல் பிரதீபா லேப்டாப்பை மூடப் போனாள்.

"இரு, மூடாத." செருப்பைக்கூடக் கழற்றாமல் மோசஸ் உள்ளே வந்தார். "நாம எதுனா எழுதினா அந்த ஆளுக்குப் போய்ச் சேருமா?"

"சேரும் அங்கிள். குறை இருந்தா சொல்லுங்கன்னு ஒரு இடம் விட்டிருக்காங்க. உங்க வீட்டை எடுத்துடச் சொல்லி எழுதவா?"

மோசஸ் தலையை ஆட்டினார்.

"வாணாம்மா. அப்பா இனிமே கை ஓங்கமாட்டேன், வூட்டுக்கு வந்துருடா ஜோயலுன்னு எழுது."