மூன்று மடங்கு

மதிய வெயில் கணினித் திரையில் விழுந்து கண்ணைக் கூசச் செய்கிறது. ஜன்னலைச் சாத்தக்கூட அவள் எழவில்லை. ஏழு வருடமாகப் பணம் கட்டிப் புதுப்பித்துப் புதுப்பித்துக் காத்துவந்த இணையதளப் பெயரை ஒரு பெரிய நிறுவனம் விலைக்குக் கேட்டிருக்கிறது. அவர்கள் சொன்ன விலையைப் போல மூன்று மடங்கு தந்தால்தான் ஆயிற்று என்று இப்போதுதான் பதில் அனுப்பினாள். பேருந்து ஓட்டும் கணவன் வேலைக்குக் கிளம்பியவன், செருப்பை மாட்டாமல் அவள் பின்னாலேயே நிற்கிறான். "வேற பேரைப் பாத்துக்கறோம்னு போயிட்டாங்கன்னா?" "வயித்துல புளியைக் கரைக்காதீங்க." டிங் என்று மின்னஞ்சல் வந்து விழுகிறது. அவள் சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள். "நீங்களே படிங்க." அவன் குனிந்து, உதடு அசைய, இரண்டு முறை வாசிக்கிறான். "சரின்னுட்டாங்க." "இவ்ளோ சீக்கிரமாவா? கம்மியாக் கேட்டுட்டேனோ?" என்று கேட்கும்போது அவளுக்கு முன்னைவிடப் பயமாக இருக்கிறது.