அரை மணி நேரக் கெட்டவர்

“அண்ணே, இன்னும் கொஞ்சம் கெட்டவரா பேசுங்க. இது தோ பாயோ கோயில்ல அன்னதானம் போடுற மாதிரி இருக்கு.”

முத்தையா தொண்டையைச் செருமிக்கொண்டார். “காசு வராட்டி மெஷினை நிறுத்திடுவேன்... மன்னிச்சுக்குங்க.”

“மன்னிப்பெல்லாம் வேணாம் லா!” ஜாஃபர் தலையில் அடித்துக்கொண்டான்.

அக்கரைத் தீவொன்றில் முத்தையாவுக்கு ஒரு குப்பைக்கிடங்கு. அது விடுகிற வாயுவைக் காற்றில் கலக்கவிடாமல் குழாய் போட்டு மெஷினால் இழுத்து எரித்துவிடுவார். பூமி சூடாவதைக் குறைப்பதற்காக அவருக்குக் கார்பன் கிரெடிட் வந்துகொண்டிருந்தது; அதை விற்றால் காசு. இப்போது விதியைத் திருத்திவிட்டார்கள். காசு வராவிட்டாலும் செய்கிற ஆள் என்று தெரிந்தால் கிரெடிட் கிடையாது. ஆக, தான் நல்லவரில்லை என்று முத்தையா நிரூபித்தாக வேண்டும். ஐம்பத்தெட்டு வருடப் பழக்கத்தை அரை மணி நேரத்தில் மாற்ற ஆலோசகன் ஜாஃபர் படாதபாடு பட்டான்.

“கிரெடிட் வரலைன்னா செங்காங் வீட்டை வித்துத்தாம்ப்பா மெஷினை ஓட்டணும்.”

“ஐயோ, அதை மேடம்கிட்ட உளறிடாதீங்க!”

கிரெடிட் உண்டா இல்லையா என்று முடிவு செய்கிற தணிக்கையாளர் சாமுண்டீஸ்வரியின் ஆபீஸில் ஏர்கான் ரிப்பேராம். ஜாலான் புசார் உணவங்காடியில், பதினேழாம் நம்பர் மேசைக்கு வரச் சொல்லியிருந்தார்; இருவரும் பத்தரைக்கே வந்து உட்கார்ந்திருந்தார்கள். பதினாறாம் மேசையில் யாரோ மீன்தலைக் கறி சாப்பிட்ட தட்டை அப்படியே விட்டுப் போயிருந்தார்கள். ஒரு மைனா அந்த மண்டையோடு மல்லுக்கு நின்றது.

“யாருப்பா இது? தட்டைத் திருப்பி வைக்கணும்னு சட்டமே இருக்கே...”

“அவங்கவங்க தட்டுக்குத்தாண்ணே சட்டம். நீங்க அந்தப் பக்கமே பார்க்காதீங்க.”

பதினொன்றுக்குச் சாமுண்டீஸ்வரி வந்தார். உட்கார்ந்ததும் ஃபைலைத் திறந்தார்.

“காசு வரலைன்னா?”

“மெஷினைக் கழற்றிப் பழைய இரும்புக்குப் போட்டுடுவேன்.”

“நாத்தம் அடிக்குமே. பக்கத்து ஊர் ஜனங்க?”

“மூக்கைப் பொத்திக்கட்டும்.”

“பூமி சூடாகுமே, சார்?”

“நமக்கென்ன மேடம், வீட்ல ஏர்கான் இருக்கு.”

ஜாஃபருக்குக் கண் கலங்கிவிட்டது. இப்படியொரு அயோக்கியரை அவன் ஆயுளில் பார்த்ததில்லை.

“ரொம்பத் திருப்தி” என்று பேனாவை எடுத்தார் சாமுண்டீஸ்வரி. “நீங்க கிளம்பலாம்.”

முத்தையா எழுந்தார். தன் கோப்பிக் குவளை இருந்த தட்டை எடுத்தார். போகிற போக்கில் மைனாவை விரட்டி, மீன்தலைத் தட்டையும் அள்ளிக்கொண்டு, சிந்திய குழம்பை டிஷ்யூவால் துடைத்து, எல்லாவற்றையும் வைக்கிற இடத்தில் வைத்துவிட்டுத் திரும்பினார்.

ஜாஃபர் கண்ணை மூடிக்கொண்டான்.

‘காசு வராவிட்டாலும் செய்வார்’ என்று எழுதி ஃபைலை மூடினார் சாமுண்டீஸ்வரி.

“ஆபீஸ் ஏர்கானுக்கு ஒண்ணும் இல்லை, சார். பத்து மணிக்கு வந்து அந்த மீன்தலையைச் சாப்பிட்டது நான்தான்.”